அத்தை எடுத்த கன்று

எங்கள் சமையலறையில் காலை வெளிச்சம் பச்சையாக இருக்கும். ஜன்னலுக்கு வெளியே வாழை நிற்பதால் வெயில் இலை வழியாகத்தான் உள்ளே வரும். பாத்திரங்கள், பால், அம்மாவின் கை எல்லாமே அந்த நேரத்தில் குளத்துக்கு அடியில் இருப்பதுபோலத் தெரியும். அம்மாவுக்கு அது பிடிக்காது. அரிசியில் கல் இருப்பது தெரியவில்லை என்பாள். எனக்கும் அத்தைக்கும் பிடிக்கும். நாங்கள் இருவரும் தேநீரை அங்கே நின்றுகொண்டேதான் குடிப்போம், பேசாமல்.

அந்த வெளிச்சத்தில் வைத்துத்தான் அத்தை தன் நிபந்தனையைச் சொன்னாள்.

அத்தை அப்பாவின் அக்கா. ஒரு பெரிய மருத்துவமனையின் டெலிபோன் போர்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது காரணம் கேட்டால், "லைன் பிஸியா இருந்துச்சு" என்பாள். அந்த மருத்துவமனையின் சுவர்க் கடிகாரங்களைப் பழுது பார்க்க வருபவர் கடிகாரக்காரர். மனைவி இறந்து பல வருடம் ஆனவர். வேலை முடிந்ததும் வரவேற்பறை போனிலிருந்து போர்டைக் கூப்பிட்டு, "மேடம், உங்க வாட்ச்சுல மணி என்ன?" என்று கேட்பாராம். அத்தை பார்த்துச் சொல்வாளாம். கடிகாரக்காரர் ஏன் நேரம் கேட்கிறார் என்று அவளுக்கு வெகுநாள் தோன்றவே இல்லையாம். அவள் ஓய்வு பெற்ற பிறகு நேரம் கேட்க ஆள் இல்லாமல் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். முதலில் எங்கள் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்க வந்தார். அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவர் பார்த்த பிறகும் ஓடியது.

"என்ன மேடம், யோசிச்சீங்களா?" என்று அன்று காலை கேட்டார், கல்யாணத்தைப் பற்றித்தான். ஸ்டூலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

அத்தை டம்ளரைக் கீழே வைத்தாள். "இந்த வயசுல எனக்கு வேறொரு இடத்துல வேர் பிடிக்குமான்னு தெரியல சார்."

"நான் மட்டும் என்ன, இளசா?"

அப்பா பஸ் ஓட்டுகிறவர். டூட்டிக்குக் கிளம்பி வாசலில் குனிந்து ஷூ கட்டிக்கொண்டிருந்தார். "அக்கா, மனுஷனை ரொம்ப நேரம் ஸ்டாப்பிங்ல நிக்க வைக்காதே. வெயிலா இருக்கு" என்றார்.

அத்தை ஜன்னலைப் பார்த்தாள். பிறகு, போர்டில் பேசும் அந்தத் தெளிவான குரலில் சொன்னாள்.

"ஒண்ணு பண்ணலாம். இந்த வாழையிலேர்ந்து ஒரு கன்னு எடுத்துட்டு வந்து உங்க வீட்டுல நடறேன். அது பிடிச்சு, புது இலை விட்டா நான் வர்றேன். பட்டுப்போச்சுன்னா நீங்க உங்க கடிகாரத்தைப் பாருங்க, நான் என் வாழையைப் பார்க்கறேன். கோவிச்சுக்கக் கூடாது."

"எங்க வீட்டுப் பின்பக்கம் முழுக்க சிமென்ட்டாச்சே மேடம்."

"அது உங்க பாடு."

அவர் கொஞ்ச நேரம் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உடைச்சிடறேன்" என்றார்.

அவர் போனதும் அம்மா அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள். "அந்த மனுஷன் ஒரு பதில் கேட்டா, நீங்க கடப்பாரையைத் தூக்கறீங்களே அண்ணி?" ஆனால் அம்மாவுக்குச் சந்தோஷம்தான். அத்தை கை வைத்த கன்று பட்டுப்போய் நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அதனால் அது நிபந்தனையே இல்லை, சம்மதத்தைச் சுற்றி வளைத்துச் சொல்லியிருக்கிறாள் என்று அம்மா முடிவு செய்தாள். அன்று மத்தியானமே தையல் மெஷினில் உட்கார்ந்து அத்தையின் புது வீட்டுக்குத் தலையணை உறை தைக்க ஆரம்பித்தாள். முன்னறையிலிருந்து அந்தச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. அத்தை, நானும் அவளும் படுக்கும் அறையில், கட்டிலில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வாழையில் விதை கிடையாது. மரம்போலத் தெரிவதும் மரம் கிடையாது. ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்டிருக்கும் இலைகளின் அடிப்பாகம்தான். உண்மையான தண்டு மண்ணுக்கடியில் கிழங்காக இருக்கிறது. அந்தக் கிழங்கின் பக்கத்திலிருந்து கன்றுகள் முளைக்கும். தாய் ஒரு குலை ஈன்று சாய்வதற்குள் அவை தோள்வரை வந்திருக்கும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தள்ளித் தள்ளி வருவதால் புதரே மெல்ல இடம் மாறும். அத்தை சிறுமியாக இருந்தபோது எங்கள் வாழை குழாயடியில் நின்றதாம். துவைக்கும் கல்லைச் சுற்றிக்கொண்டு இப்போது சமையலறை ஜன்னலுக்கு வந்திருக்கிறது. நடுவில் வந்ததெல்லாம் வேறு வேறு செடி என்றும் சொல்லலாம். ஒரே செடிதான் நடந்து வந்திருக்கிறது என்றும் சொல்லலாம். நான் தாவரவியல் படித்தவள். இரண்டாவதுதான் சரி.

ஒருமுறை இதை வீட்டில் சொன்னேன்.

"அப்ப இது உங்க அத்தை வயசா?" என்று அப்பா கேட்டார்.

"அதைவிட அதிகம்."

"அதுவும் இன்னும் வீட்டை விட்டுக் கிளம்பலை" என்றாள் அம்மா. அத்தைதான் அதிகமாகச் சிரித்தாள்.

தெருவில் பாதி வீடுகளுக்கு அத்தைதான் கன்று கொடுத்திருக்கிறாள். வருகிறவர்கள் எல்லாரும் ஒரே தவறைச் செய்வார்கள். புதரின் ஓரத்தில் அகன்ற இலைகளோடு தளதளவென்று நிற்கும் கன்றைக் காட்டி, "இதைக் கொடுங்களேன், பார்க்க நல்லா இருக்கு" என்பார்கள். அது நீர்க்கன்று. தாயோடு பேருக்குத்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். பால் கிடைக்காததால் அவசரமாகத் தானே இலை விரித்துப் பிழைக்கப் பார்க்கும். அடியில் கிழங்கு இருக்காது. இன்னொன்று ஈட்டிக்கன்று. ஒல்லியான இலை, பார்வைக்கு ஒன்றுமில்லை. ஆனால் அடி பருத்திருக்கும். தாயின் கிழங்கிலிருந்து ஆழமாகக் கிளம்பியிருக்கும். அத்தை அதைத்தான் கொடுப்பாள். "பார்க்க நல்லா இருக்கறதுதான் வேணும்னா பூச்செடி வச்சுக்கோங்க" என்பாள். கொடுப்பதற்கு முன்னால் இலையையெல்லாம் நறுக்கிவிடுவாள். வேர் இல்லாதபோது இலை எதற்கு, அது குடிக்கத்தான் செய்யும், கொண்டுவராது. வாங்கிக்கொள்கிறவர்கள் மொட்டையான அந்தத் தண்டைக் கையில் பிடித்து, ஏமாந்த முகத்தோடு போவார்கள். அடுத்த வருடம் பழத்தோடு வருவார்கள்.

கடிகாரக்காரர் வீட்டுக்குக் கன்று எடுத்தது எனக்கு விடுமுறையான ஒரு நாளில். மண் ஈரமாக இருந்தது. அத்தை புதரைச் சுற்றி நடந்தாள். துவைக்கும் கல்லுக்குப் பின்னால் ஓர் ஈட்டிக்கன்று நிற்பதை நான் முன்பே பார்த்து வைத்திருந்தேன். என் முழங்கால் உயரம், சொம்பு அகல அடி. அதைவிட நல்ல கன்று அந்தப் புதரில் அப்போது இல்லை. அத்தையும் அதன் முன்னால் நின்றாள். குனிந்து அதன் அடியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு எழுந்து, ஓரத்துக்குப் போய், அகன்ற இலைகளோடு நின்ற ஒன்றைக் காட்டினாள்.

"தம்பி, இதை எடு."

அப்பா கடப்பாரையை இறக்கினார். ஈட்டிக்கன்று என்றால் சுலபத்தில் வராது. சுற்றிலும் தோண்டி, தாயோடு ஒட்டிய இடத்தைக் கண்டுபிடித்து வெட்ட வேண்டும். இது கொஞ்சம் ஆட்டியதுமே வந்துவிட்டது.

"என்னக்கா, பால் பல்லு மாதிரி கையோட வருது" என்றார் அப்பா.

நான் அத்தையிடம் அரிவாளை நீட்டினேன், இலையை நறுக்குவதற்கு. அவள் வாங்கவில்லை.

"இருக்கட்டும்" என்றாள். "பார்க்க நல்லா இருக்குல்ல?"

அப்பாவுக்கு எதுவும் வித்தியாசமாகத் தெரியவில்லை. கடப்பாரையைக் கழுவப் போனார். அத்தை என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் இலையின் நிழல் ஆடிக்கொண்டிருந்தது. அவள் தப்பான கன்றை எடுத்திருக்கிறாள், தெரிந்தே எடுத்திருக்கிறாள். இது பிழைக்கக் கூடாது என்று விரும்புகிறாள். வாயால் இல்லை என்று சொல்ல முடியாததை ஒரு செடியைச் சொல்ல வைக்கிறாள்.

"அத்தை…" என்றேன்.

"சயின்ஸு" என்றாள் அத்தை. பட்டம் வாங்கியதிலிருந்து என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். "உனக்கு ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சுதா?"

தலையாட்டினேன்.

அப்பாவின் பஸ்ஸிலேயே போனோம். ஈரச் சாக்கில் சுற்றிய கன்று அத்தையின் மடியில் இருந்தது. இலைகள் ஜன்னலுக்கு வெளியே நீண்டு காற்றில் அடித்துக்கொண்டன. பஸ் வளைவுகளில் திரும்பும்போதெல்லாம் முன் இருக்கையில் இருந்தவரின் காதில் ஓர் இலை பட்டது. அவர் தூங்கிக்கொண்டே காதைத் தடவிக்கொண்டார். நடத்துநர் அப்பாவின் கூட்டாளி. எங்களிடம் வந்து நின்றார்.

"இந்தப் பாப்பாவுக்கு அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா?"

"மடியில உட்கார்ந்திருக்கு. டிக்கெட் கிடையாது" என்றாள் அத்தை.

"கையை வெளிய நீட்டக் கூடாதுன்னு சொல்லி வைங்க."

அத்தை சிரிக்கவில்லை. கன்றைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். தெருக்கள் இலையின் கிழிசல்கள் வழியாகத் துண்டு துண்டாகப் போயின. சலவைக் கடை, சைக்கிள் கடை, ஒரு பள்ளிச் சுவர். நான் அரைத் தூக்கத்தில் இருந்தேன். பஸ் நிற்கிறது, தெருதான் நடந்துபோகிறது என்று தோன்றியது.

கடிகாரக்காரரின் கடை முன்னால், வீடு பின்னால். கடைச் சுவர் முழுக்கக் கடிகாரங்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மணி காட்டியது. பழுது பார்த்தபின் எதிலும் அவர் மணியைத் திருத்தி வைப்பதில்லை. உயிர் வந்த நேரத்திலிருந்தே ஓடவிட்டு, வேகமாகப் போகிறதா மெதுவாகப் போகிறதா என்று பார்ப்பாராம். அந்த அறையில் நின்றால் ஒரே சமயத்தில் விடிகிறது, சாய்கிறது, மத்தியானமாகிறது. இத்தனை டிக் டிக் சேர்ந்து கடைசியில் மழை பெய்யும் சத்தம்போலத்தான் கேட்டது.

"இதுல எது சார் சரியான நேரம்?" என்று கேட்டேன். நான் அவரிடம் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

"அத்தை கையில கட்டியிருக்கறது" என்றார்.

பின்பக்கம் சிமென்ட் தரை, மூன்று பக்கமும் சுவர். நடுவில் அவர் சிமென்ட்டை வட்டமாக வெட்டியிருந்தார். கடப்பாரையால் உடைத்த வட்டம் இல்லை. சின்ன உளியும் சுத்தியலும் வைத்து, ஓரம் பிசிறில்லாமல், கடிகார முகம்போல. எத்தனை நாள் உட்கார்ந்தாரோ. விரல்களில் துணி சுற்றியிருந்தது. உள்ளே கறுப்பு மண் நிரப்பி, அதைச் சலித்தும் வைத்திருந்தார்.

அத்தை அந்த வட்டத்தின் ஓரத்தில் கொஞ்ச நேரம் நின்றாள்.

"இவ்வளவு சுத்தமா வெட்டணும்னு யார் சொன்னா?" என்றாள்.

"யாரும் சொல்லல மேடம். எனக்கு வேற மாதிரி வெட்டத் தெரியாது."

கன்றை நட்டோம். அத்தை மண்ணை மிதித்து இறுக்கினாள். இலைகள் அந்த வெள்ளைச் சுவருக்கு முன்னால் அழகாகத்தான் இருந்தன. கடிகாரக்காரர் எதிர்ச் சுவரோரம் போய் நின்று பார்த்தார். புகைப்படத்துக்கு நிற்பவர்போலக் கைகளைக் கட்டிக்கொண்டார்.

அதன் பிறகு அவர் தினமும் போன் செய்தார். எங்கள் வீட்டில் போன் முன்னறையில், தையல் மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதனால் எங்கள் எல்லாருக்கும் கேட்கும்.

"மேடம், ஒரு இலை கொஞ்சம் தொங்குது."

"நட்ட புதுசுல அப்படித்தான் இருக்கும்."

"மேடம், ஓரம் மஞ்சளாகுது. வெயில் அதிகமோ? குடை கட்டியிருக்கேன்."

"கட்டுங்க."

"மேடம், தண்ணி எவ்வளவு ஊத்தணும்?"

அத்தை போனைக் காதில் வைத்தபடி ஜன்னலைப் பார்ப்பாள். "உங்களுக்குத் தோணற அளவு ஊத்துங்க" என்பாள். போனை வைத்த பிறகும் கையை அதன்மேலேயே வைத்திருப்பாள்.

அம்மா தலையணை உறை முடித்து, ஜன்னல் திரை தைக்க ஆரம்பித்திருந்தாள். "அண்ணி, அவங்க வீட்டு ஜன்னல் எவ்வளவு அகலம்னு கேட்டுச் சொல்லுங்க."

"கேட்கறேன்" என்பாள் அத்தை. கேட்கவில்லை.

அவள் சந்தோஷமாக இருப்பாள் என்று நான் நினைத்திருந்தேன். அவள் விரும்பியபடிதானே எல்லாம் நடந்துகொண்டிருந்தது. ஆனால் அலமாரியில் தன் துணிகளை எடுத்து அடுக்குவாள், மறுபடி கலைத்து அடுக்குவாள். காலையில் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நிற்பாள். அந்தப் பச்சை வெளிச்சத்தில் அவள் எங்கேயோ நீந்திப் போய்க்கொண்டிருப்பதுபோல இருக்கும். நான் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஊர்க் கிணற்றுத் தண்ணீர்கள் பாட்டிலில் வந்து என் மேஜையில் வரிசையாக நிற்கும். ஒருநாள் மத்தியானம் அந்தப் பாட்டில்களுக்கு முன்னால் கண் சொக்கிவிட்டது. கனவில் அத்தை போர்டின் முன் உட்கார்ந்திருந்தாள். அவள் கையில் இருந்த ஒயர்கள் வெள்ளை வேர்களாக இருந்தன, ஈர மண் ஒட்டிக்கொண்டு. எந்தத் துளையில் செருகுவது என்று தெரியாமல் ஒன்றை மட்டும் விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். "லைன்ல இருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

விழித்தபோது சோதனைக் குழாயில் நிறம் மாறிப்போயிருந்தது. மறுபடி முதலிலிருந்து செய்தேன்.

பிறகு ஒருநாள் போன் வரவில்லை. அடுத்த நாள் வந்தது. அத்தை "சொல்லுங்க" என்றாள். நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். "நான் வந்து பார்க்கறேன்" என்று வைத்தாள்.

"என்ன அண்ணி, இலை விட்டுருச்சா?" அம்மா மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"போய்ப் பார்த்தாத்தானே தெரியும்." அத்தை என்னிடம் திரும்பினாள். "சயின்ஸு, நீயும் வா."

குடையைக் கன்றின் மேல் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். அதன் நிழலில் இலைகள் காய்ந்து, காகிதம்போலத் தண்டோடு ஒட்டித் தொங்கின. மண் சொதசொதவென்று இருந்தது. கடிகாரக்காரர் எங்களை உட்காரச் சொல்லவும் மறந்து நின்றார். சவரம் செய்யவில்லை.

"என் தப்பு மேடம்" என்றார். "முதல்ல தண்ணி கம்மியா ஊத்திட்டேன். வாடுதேன்னு பயந்து அப்புறம் அதிகமா ஊத்திட்டேன். சிமென்ட்டுக்கு அடியில மண்ணு செத்துப் போயிருக்குமோ என்னமோ. குடை கட்டியிருக்கக் கூடாதோ."

அத்தை குடையையும் அதன் கயிற்றையும் பார்த்தாள்.

"உயிரில்லாததையே ஓட வைக்கறவன் நான். உயிரோட கொடுத்தீங்க. பட்டுப்போச்சு."

அத்தை மண்ணில் குந்தி உட்கார்ந்தாள். குடையின் கயிற்றை அவிழ்த்தாள். முடிச்சு சின்னச் சின்னதாக, நிறைய இருந்தது. "கத்தி இருக்கா?" என்று கேட்டாள்.

அவர் கொண்டுவந்தார். அத்தை காய்ந்த இலைகளோடு சேர்த்துத் தண்டைக் குறுக்கே வெட்டினாள். முழங்காலுக்குக் கீழே, ஒரே வெட்டு. வெட்டிய இடம் வெள்ளையாக, ஈரமாக, வட்டத்துக்குள் வட்டமாக இருந்தது. அத்தையின் நல்ல துணியில் கறை தெறித்தது. வாழைக்கறை போகாது. அவளுக்குத் தெரியும். துடைக்கக்கூட இல்லை.

"எடுத்துடலாமா?" என்றார் அவர்.

"கொஞ்சம் உட்காருங்க" என்றாள் அத்தை.

அவர் தேநீர் போட்டுக் கொண்டுவந்தார். சுவரோரம் மூன்று ஸ்டூல் போட்டு உட்கார்ந்தோம். உள்ளேயிருந்து கடிகாரங்களின் மழை கேட்டது. ஒரு மேகம் வந்து போனது. சுவர் மங்கி, மறுபடி வெள்ளையானது. அத்தை தேநீரைப் பாதி குடித்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் ஏதோ சொல்ல வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

கடிகாரக்காரர்தான் முதலில் பார்த்தார். எழுந்து போய்க் குந்தினார். சட்டைப் பையிலிருந்து அவருடைய கண் லென்ஸை எடுத்து ஒரு கண்ணில் மாட்டிக்கொண்டு, வெட்டிய தண்டின் மேல் குனிந்தார். அப்படியே அசையாமல் இருந்தார்.

"மேடம்" என்றார் மெதுவாக. "நகருது."

நாங்கள் எழுந்து போனோம். மட்டமாக இருந்த வெட்டின் நடுவில் ஒரு வெள்ளைச் சுருள் நகக்கண் அளவு மேலே வந்திருந்தது.

"மணி முள் மாதிரி" என்றார் அவர். "நகர்றது தெரியல. ஆனா நகர்ந்திருக்கு." லென்ஸைக் கழற்றாமலே அத்தையை நிமிர்ந்து பார்த்தார். ஒரு கண் மட்டும் பெரிதாக, நனைந்து தெரிந்தது. "இது இலைதானே? புது இலைக் கணக்குல வருமா மேடம்?"

எனக்குப் பதில் தெரியும். வெட்டினால் எந்த வாழையும் இப்படிக் கொஞ்சம் ஏறும். உள்ளே இருக்கிற நீரின் அழுத்தம் அது. வேரே இல்லாமல் தரையில் கிடக்கிற தண்டும் ஏறும். அத்தைக்கும் தெரியும். எங்கள் வீட்டில் குலை வெட்டிச் சாய்த்த தண்டுகளில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். அவள் ஆமாம் என்று சொல்லிவிடலாம். இல்லை என்றும் சொல்லலாம், அதுதான் அவள் கேட்டு வாங்கிய பதில். அவர் இரண்டையும் நம்புவார்.

அத்தை டம்ளரைத் தரையில் வைத்தாள்.

"வராது" என்றாள். "இது இலை இல்லை சார். வெட்டினா எல்லாமே இப்படி ஏறும். செத்ததும் ஏறும்."

அவர் லென்ஸைக் கழற்றினார்.

"இன்னொண்ணும் சொல்லிடறேன்." போர்டுக் குரல் இல்லை இது. இதை நான் அதிகம் கேட்டதில்லை. "நான் கொண்டுவந்தது நீர்க்கன்னு. அதுக்கு அடியில கிழங்கே கிடையாது. இலையை நறுக்கணும், நறுக்காம கொடுத்தேன். யாருக்கும் நான் இப்படிக் கொடுத்ததில்லை. பிழைக்கக் கூடாதுன்னுதான் கொடுத்தேன்."

கடிகாரக்காரர் அந்த வட்டத்தைப் பார்த்தார். துணி சுற்றிய விரல்களைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"அப்ப…" என்று இழுத்தார். "நான் தண்ணி ஊத்தினதுல தப்பு இல்லையா?"

"இல்லை."

"குடை?"

"குடையிலயும் இல்லை. எதுலயும் இல்லை."

அவர் பெரிதாக மூச்சு விட்டார். தோள் இரண்டும் இறங்கின. "அப்பாடா" என்றார். "தூக்கமே இல்லை மேடம் எனக்கு. நீங்க நம்பிக் கொடுத்ததைக் கொன்னுட்டேனேன்னு. சாப்பாடு இறங்கல." ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார். ஆறிப்போன தேநீரை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். பிறகுதான் மீதி விஷயம் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். டம்ளரைக் கையில் வைத்தபடி, "பிழைக்கக் கூடாதுன்னா நேரா சொல்லியிருக்கலாமே, எனக்கு வர இஷ்டமில்லைன்னு. நான் கோவிச்சுக்கிட்டிருக்க மாட்டேனே" என்றார்.

"இஷ்டமில்லைன்னு இல்லை" என்றாள் அத்தை.

"பின்ன?"

"பயம்."

அவர் தலையை ஆட்டினார். கடிகாரத்தின் பின்பக்கத்தைத் திறந்து, கோளாறு எங்கே என்று பார்த்துவிட்டவர் ஆட்டுவதுபோல. "எனக்கும்தான்" என்றார்.

உள்ளே ஒரு கடிகாரம் மூன்று அடித்தது. மணி மூன்று இல்லை.

அத்தை எனக்குப் பக்கத்தில் இருந்தாள். அவள் தோள் என் தோளில் பட்டுக்கொண்டிருந்தது. எங்கள் அறை, இரண்டு கட்டில்கள், காலையில் பேசாமல் குடிக்கும் தேநீர் எல்லாம் எனக்கு ஞாபகம் வந்தன.

"சயின்ஸு" என்றாள். "துவைக்கற கல்லுக்குப் பின்னாடி ஒரு ஈட்டிக்கன்னு நிக்குது. பார்த்தியா?"

"பார்த்தேன்."

"நீ பார்த்திருப்பேன்னு தெரியும். நாளைக்கு அப்பாகிட்ட சொல்லி எடுத்துட்டு வா. சுத்தித் தோண்டச் சொல்லு. அவன் இழுத்துக் கிழிச்சுடுவான், கிழங்கு பத்திரம்."

"இலை?"

"நறுக்கிடு."

கடிகாரக்காரர் எழுந்தார். "அது இலை விட்டாத்தானா மேடம்?" என்றார், ஜாக்கிரதையாக.

"அது விடும்" என்றாள் அத்தை. "அதுவரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? உங்க சமையலறை ஜன்னல் எவ்வளவு அகலம்? அங்க ஒருத்தி திரை தைக்கணும்னு கேட்டுக்கிட்டே இருக்கா."

அவருக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியதும் அளவு நாடாவைத் தேடி உள்ளே போனார். வெறுங்கையோடு திரும்பினார். மறுபடி போனார். அத்தை அந்த வெட்டிய தண்டுக்கு முன்னால் குந்தினாள். சுருள் இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தது. விரல் நுனியால் அதைத் தொட்டாள்.

"இதை எடுத்துட்டு அதே இடத்துல வைக்கலாமா?" அவர் கதவிலிருந்து கேட்டார்.

"வேண்டாம். இது ஏறற வரைக்கும் ஏறட்டும். வேற இடம் வெட்டுங்க."

அவர் உளியோடு வந்தார். "எங்க?"

அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு, சிமென்ட் தரையில் மெதுவாக நடந்தாள். சுவர் வரைக்கும் போய்த் திரும்பினாள். தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஓர் இடத்தில் நின்று, காலால் தட்டிக் காட்டினாள்.

"இங்க. பக்கத்துல எதுவும் வைக்காதீங்க. அது நடக்கும்."

"நடக்குமா?"

"மெதுவா."

"எந்தப் பக்கமா மேடம்?"

அத்தை திரும்பிப் பார்த்தாள். சமையலறைக்கு ஒரு ஜன்னல் இருந்தது. வெயில் நேராக அதில் விழுந்து கண்ணைக் கூச வைத்தது.

"அந்தப் பக்கமா வழி விடுங்க" என்றாள்.

கடிகாரக்காரர் முழங்காலை ஊன்றி, சாக்குக்கட்டியால் வட்டம் போட ஆரம்பித்தார். போட்டு அழித்தார். இன்னும் கொஞ்சம் பெரிதாகப் போட்டார்.